பிரிதல் நிமித்தம்: பணி விலகல் கடிதத்தின் இலக்கணம்

பணி விலகல் என்பது, மாதச் சம்பளம் பெறும் ஒருவர் அதே சம்பளத்தையோ அதனினும் சற்று மிகுந்த ஒன்றையோ இனி வேறோரிடத்தில் பெறக் கருதியிருப்பதை, அக்கருத்து ஒன்றை மட்டும் விடுத்து மற்ற யாவற்றையும் பணிவுடன் எழுதி, இப்போது சம்பளம் தருபவருக்கு அனுப்பும் செயலாகும். அலுவலக வழக்கில் இதற்குப் ‘பேப்பர் போடுதல்’ என்று பெயர். காகிதம் போய் மின்னஞ்சல் வந்து, மின்னஞ்சலும் போய் நிறுவனத்தின் இணைய வாயிலில் ‘சப்மிட்’ என்னும் பொத்தான் வந்த பின்னரும் அப்பெயரே வழங்கிவருகிறது. இவ்வரையறை சம்பளத்தை மட்டுமே கருதுகிறது, மேலாளர் மீதுள்ள வெறுப்பால் விலகுவோரும் உண்டே என்பாரும் உளர். அவர் கூற்று ஈண்டுப் பொருந்தாது, என்னை? மேலாளர் மீதுள்ள வெறுப்பு எல்லாரிடத்தும் எக்காலத்தும் உள்ளதாகையால் அது பொதுவியல்பே அன்றி விலகலுக்குரிய சிறப்புக் காரணம் ஆகாது. அவ்வெறுப்புடனேயே முப்பது ஆண்டு பணியாற்றி, இறுதியில் மாலையும் சந்தனமும் கைக்கடிகாரமும் பெற்று ஓய்வுற்றவர்களை எல்லா ஊரிலும் காணலாம்.

கடிதம் இல்லாத விலகல்கள் இவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பானவை எனினும், அவற்றின் செம்மையை ஒரு வார்த்தையேனும் பாராட்டாமல் மேற்செல்வது முறையன்று. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிய தொழிலாளி, பண்டிகை கழிந்து பதினைந்து நாளாகியும் திரும்பவில்லை என்றால், அவர் விலகிவிட்டார் என்று பொருள்; இதை அவரும் எழுதுவதில்லை, கம்பெனியும் கேட்பதில்லை. சென்னையில் நெல்லைச் சீமையார் நடத்தும் மளிகைக் கடைகளில், “கணக்க முடிச்சுக் குடுங்க அண்ணாச்சி” என்னும் ஒரு வாக்கியமே விலகல் கடிதமாகும். “என்னடே, ஊர்ல எதும் விசேஷமா?” என்று அண்ணாச்சி கேட்பதே அதற்கு ஒப்புதல். முன்பணம் கழித்து மிச்சம் கல்லாவிலிருந்து எண்ணித் தரப்பட, ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’ என்று பெரிய நிறுவனங்கள் பெயரிட்டு வாரக்கணக்கில் நடத்தும் அந்தச் சடங்கு, சரக்கு எடை போடும் நேரத்தில் அங்கே நிறைவுபெறுகிறது.

மறுமுனையில், நாட்டின் மிக உயர்ந்த பதவிகளுக்குரிய விலகல் முறையை இந்திய அரசமைப்புச் சட்டம் வியக்கத்தக்க சுருக்கத்துடன் வகுத்திருக்கிறது. குடியரசுத் தலைவர் விலகக் கருதினால் குடியரசுத் துணைத் தலைவருக்கும், துணைத் தலைவர் விலகக் கருதினால் குடியரசுத் தலைவருக்கும், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் குடியரசுத் தலைவருக்கும், மக்களவைத் தலைவர் அவையின் துணைத் தலைவருக்கும் தம் கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுதினால் போதும். காரணம் கூற வேண்டும் என்று ஓரிடத்திலும் விதிக்கப்படவில்லை. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் பொருட்டு மட்டும் 1974இல் 33ஆவது திருத்தம் வந்து, கடிதம் தாமாக முன்வந்து எழுதப்பட்டதா, உண்மையானதா என்று அவைத் தலைவர் நிறைவடைய வேண்டும் என்று கூறியது. “நல்லா யோசிச்சுத்தான் போட்டியா?” என்று திருத்தம் எதுவுமின்றியே ஒவ்வொரு அலுவலகத்திலும் கேட்கப்படும் கேள்வியும் இதுவே என்பது நோக்கத்தக்கது.

காரணத்தை ஊரறியச் சொல்லி விலகியோரும் வரலாற்றில் உண்டு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அலுவலகத்தில் சர்வர் விழும்போது அவ்வகைக் கடிதம் எவரும் எழுதக் காணோம். அதற்கு மாறாக ‘ரூட் காஸ் அனாலிசிஸ்’ என்று ஓர் ஆவணம் எழுதப்படுகிறது. அது, தவறு எவருடையது அன்று என்பதைப் பட்டியலிட்டு நிறுவும் நூல்வகையாகும். காமராசர் 1963 அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சர் பதவியை விட்டார். மூத்தோர் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் பெயரால் வழங்கும் திட்டம். 1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் கூடிய காங்கிரசு மாநாட்டில் அவர் தலைவராக வீற்றிருந்தார். ஒரு பொறுப்பை விட்டு அடுத்ததில் அமர்வதற்கு இடைப்பட்ட காலம் அவருக்கும் ஏறத்தாழ மூன்று மாதமாகவே இருந்தது என்பதை, இன்றைய மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறையினர் கவனிப்பாராக.

இனி, ஆய்வின் மையப்பொருளாகிய சாமானியரின் கடிதம். இதற்கு உறுப்பு மூன்று: விலகும் செய்தி, விலகும் நாள், நன்றி. நான்காவதாகக் காரணம் என்பதோர் உறுப்பு உண்டென்று தோன்றினாலும், அவ்விடத்தில் எக்காலத்தும் ‘சொந்தக் காரணங்கள்’ என்னும் ஒரே தொடர் நிற்பதால் அதனை உறுப்பாகக் கொள்ளாது, அசைநிலையாகக் கொள்வதே பொருந்தும். அசைநிலையாவது, தனக்கெனப் பொருளின்றி வரும் சொல். சொந்தக் காரணம் என்பதன் உட்கிடை, அதை எழுதுபவருக்கும் படிப்பவருக்கும், படிப்பவரின் மேலாளருக்கும், எதிர் இருக்கைக்காரருக்கும், தேநீர் கொண்டு வரும் தம்பிக்கும் ஏற்கெனவே தெரியும். எல்லாரும் அறிந்த ஒன்றை எவரும் எழுதாதிருப்பதே இவ்வகைக் கடிதத்தின் மரபு. அம்மரபைக் காப்பதற்கே ‘புரொஃபஷனல்’ என்று பெயர்.

மூன்று வரிக் கடிதம் மூன்று வரியாகப் பிறப்பதில்லை. அதன் முதற்படி பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்குமேல், வீட்டார் உறங்கிய பின், கூடத்து மின்விசிறியின் கீழ் எழுதப்படுகிறது. அதில் மேலாளரின் பெயர் பல இடங்களில் வரும். ஒருமுறை தாத்தா காரியத்துக்கு விடுப்புக் கேட்டபோது அவர் கூறிய மறுமொழி மேற்கோள் குறியுடன் வரும். சேர்ந்து செய்த வேலைக்கு வேறொருவர் விருது வாங்கிய நிகழ்ச்சி தேதியுடன் வரும். ‘பெறுநர்’ கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கும், கை தவறி விரல் பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால். கோப்பின் பெயர் ‘லீவ் லெட்டர்’ என்றோ ‘நியூ 2’ என்றோ இருக்கும். மறுநாள் காலையில் இதை ஒருமுறை படித்துவிட்டு எழுதியவரே அழிக்கிறார். பின்னர், முன்பே இரண்டு மூன்று வேலை மாறிய அத்தானிடமிருந்து ஒரு படிவம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது. அத்தானின் பழைய கம்பெனிப் பெயரை இரண்டு இடத்தில் மாற்றி மூன்றாம் இடத்தில் மாற்ற மறந்து அனுப்புவதும் உண்டு. இதனால் கடிதத்தின் செல்லுபடி கெடுவதில்லை; அதை எவரும் இறுதி வரை படிப்பதில்லை ஆகலின்.

அழிக்கப்பட்ட முதற்படியே உண்மையான விலகல் கடிதம், அனுப்பப்பட்டது அதன் உறை என்று ஒரு சாரார் கூறுவர். மறுதலையார், முதற்படி எழுதியதனாலேயே மனம் ஆறிப் பலர் விலகாமல் இருந்துவிடுகின்றனர் எனவும், ஆகவே அது விலகல் கடிதம் அன்று, தங்கல் கடிதம் எனவும் கொள்வர். இரண்டாம் கருத்தே வலியுடைத்து.

அடுத்து, பொழுது. தமிழ் இலக்கணம் ஒவ்வொரு திணைக்கும் பெரும்பொழுது, சிறுபொழுது என இரண்டை வகுத்து, முன்னதால் ஆண்டின் பருவத்தையும் பின்னதால் நாளின் கூற்றையும் குறிக்கிறது. பிரிதலைத் தனக்கு உரிப்பொருளாகக் கொண்ட பாலைக்கு வேனிலும் பின்பனியும் பெரும்பொழுது, நண்பகல் சிறுபொழுது. அலுவலகங்களில் ஊதிய உயர்வுக் கடிதம் பெரும்பாலும் ஏப்ரலை ஒட்டி வருவதையும், வந்த கடிதத்தைத் திறந்து, சதவீதத்தைப் பார்த்து, பக்கத்து இருக்கைக்காரரின் சதவீதத்தையும் எவ்வாறோ அறிந்துகொண்டு, சித்திரை வைகாசியில் பேப்பர் போடுவோர் பெருகுவதையும் நோக்க, பழைய இலக்கணிகள் இதனை முன்னறிந்தே வேனிலைக் கூறினர் போலும் என்று எண்ண இடமுண்டு. சிறுபொழுதும் பொருந்தியே வருகிறது: காலையில் மேலாளர் கூட்டத்தில் இருப்பார், மாலையில் வண்டியைப் பிடிக்க வேண்டும், மதிய உணவுக்குப் பின், தயிர்சாதம் தந்த துணிவு குறையுமுன், பொத்தான் அழுத்தப்படுகிறது. இத்தகைய ஒப்புமைகளில் ஆய்வாளர் அளவுக்கு மீறி மகிழ்வது உண்டெனினும், இது ஒன்றை விட மனம் வரவில்லை.

கடிதம் போகுமுன் வாய்மொழியாகத் தெரிவிப்பது முறை. “சார், ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்” என்னும் தொடர் அதற்குரியது. இத்தொடர் விடுப்பு, கடன், திருமணப் பத்திரிகை ஆகியவற்றுக்கும் வழங்குவதே ஆயினும், கதவைச் சாத்தியபின் பேச்சு தொடங்குமானால் பொருள் ஒன்றுதான். மேலாளர் வரிசையாக மூன்று வினா எழுப்புவார். முதலாவது, “என்னப்பா, இங்க எதுவும் பிரச்சினையா?”, இதற்கு விடை, பிரச்சினை ஏதுமில்லை என்பது. இரண்டாவது, “எங்க போற?”, இதற்கு விடை, இன்னும் முடிவாகவில்லை என்பது. மூன்றாவது, “எவ்வளவு தர்றாங்க?”, முன்னிரண்டு விடையும் பொய் என்பதை மேலாளர் அறிவார் என்பதை இவ்வினாவே காட்டிவிடுகிறது. இதன் பின் வருவது ‘கவுண்டர் ஆஃபர்’, அதாவது போக விரும்புபவரைப் போகாமலிருக்கச் செய்யும் பொருட்டு, மூன்று ஆண்டாக இல்லை என்று சொல்லப்பட்ட பட்ஜெட் ஒரே பிற்பகலில் கண்டுபிடிக்கப்படுதல். விலகுவதாகச் சொன்ன அந்த ஐந்து நிமிடத்தில்தான் ஓர் ஊழியரின் முழுத் திறமையும் நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரிகிறது என்பது இத்துறையின் பெரும்புதிர்; வேலையில் இருக்கும்போது அதைக் காட்ட வேறு கருவி இதுவரை அகப்படவில்லை.

கடிதம் ஏற்கப்பட்ட நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே உள்ளது ‘நோட்டீஸ் பீரியட்’. இலக்கணத்தார் பாலையின் உரிப்பொருளைப் பிரிதல் என்று மட்டும் கூறாது, பிரிதல் நிமித்தத்தையும் சேர்த்துக் கூறியது இதற்காகவே எனலாம். பிரிவு ஒரு மாலையில் முடிந்துவிடும், அதன் நிமித்தமோ பழைய மகாபலிபுரம் சாலையின் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் தொண்ணூறு நாள் நீடிக்கும். புதிதாக ஆள் எடுக்கும்போது இந்நிறுவனங்களே ‘இமீடியட் ஜாய்னர்’ வேண்டும் என்று, அதாவது நாளையே வந்து சேர்பவர் வேண்டும் என்று விளம்பரம் செய்கின்றன. தன் வீட்டிலிருந்து எவரும் தொண்ணூறு நாளுக்குமுன் வெளியேறலாகாது, பிறர் வீட்டிலிருந்து எல்லாரும் இன்றே வெளியேற வேண்டும் என்னும் இவ்விரு விதியும் ஒரே மேசையில் ஒரே அலுவலரால் தட்டச்சு செய்யப்படுகின்றன.

நோட்டீஸ் காலத்தில் நடைபெறும் முதன்மைச் சடங்கு ‘கே.டி.’, விரித்துரைப்பின், போகிறவர் அறிந்ததை இருப்பவருக்குக் கைமாற்றுதல். ஆறு ஆண்டில் பட்டறிந்தவை ஆறு காணொலி அழைப்புகளில் பதிவுசெய்யப்பட்டு, எவரும் திறக்காத ஒரு கோப்புறையில் சேமிக்கப்படும். எந்த நிரலை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது, எந்த வாடிக்கையாளரை வெள்ளிக்கிழமை மாலையில் அழைக்கக்கூடாது, மூன்றாம் மாடியில் எந்த அச்சுப்பொறிக்கு எந்தப் பக்கத்தில் தட்ட வேண்டும் என்பன போன்ற உண்மையான அறிவு அப்பதிவுகளில் இடம்பெறுவதில்லை. அது கடைசி வாரத்தில் தேநீர்க் கடையில் வாய்மொழியாகவே கடத்தப்படுகிறது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளும் அந்த வாரிசும் முந்தைய வாரம்தான் பேப்பர் போட்டிருக்கிறார் என்பது ஏறக்குறைய ஐம்பதாம் நாளில் வெளிப்படும்.

தொண்ணூறு நாள் இருந்தே ஆக வேண்டுமா என்பது சட்ட வினா. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இன்றி நீக்கக்கூடாது என்று முதலாளிக்கே விதிக்கிறது. போகிறவர் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை அப்பிரிவு பேசவில்லை, பணி ஒப்பந்தம் பேசுகிறது. அவ்வொப்பந்தத்தை மீறி ஒருவர் போய்விட்டாலும், திரும்பி வந்து இருக்கையில் அமர்ந்து வேலை செய் என்று நீதிமன்றம் ஆணையிடுவதில்லை. ஆள் செய்யும் ஊழியத்தை அவ்வாறு வலிந்து நிறைவேற்றலாகாது என்பது 1963ஆம் ஆண்டுக் குறித்த நிவாரணச் சட்டத்தின் கொள்கை. நிறுவனம் கேட்கக்கூடியது பணம். எஞ்சிய நாள்களுக்குரிய தொகையைக் கட்டிவிட்டு முன்னரே போவதற்கு ‘பை அவுட்’ என்று பெயர். அவ்வாறாயின் மக்கள் ஏன் தொண்ணூறு நாளும் இருக்கின்றனர் எனின், ‘ரிலீவிங் லெட்டர்’ என்னும் விடுவிப்புச் சான்றின் பொருட்டே. சட்டத்தால் கட்ட முடியாதவரை அவ்வொற்றைத் தாள் கட்டிவைக்கிறது. அது இல்லாதவரை அடுத்த நிறுவனம் ஐயத்துடன் நோக்கும், சொல்லாமல் போனவரைப் பழைய நிறுவனம் ‘அப்ஸ்காண்டிங்’ என்று, போலீசார் தேடும் குற்றவாளிக்குரிய சொல்லால் குறித்துவைக்கும்.

இந்த இடைக்காலம் மனம் மாறுவதற்கும் இடம் தருகிறது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், 1977 மே மாதம் கடிதம் எழுதி ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாகத் தெரிவித்து, ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார். போட்டது போட்டதுதான் என்று வழக்காடப்பட்டபோது, குறித்த நாள் வருமுன் திரும்பப் பெறலாம் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலுவலகத்தில் அவ்வாறு திரும்பப் பெற்றவரின் நிலை நீதிபதியினும் கடினமானது. பிரிவுபசாரக் கேக்குக்கு வசூலித்த தொகையை அவர் முன்னிலையிலேயே திருப்பித் தர நேரும்.

விலகலின் மற்றொரு களம் வீடு. “கையில ஆர்டர் வாங்காம பேப்பர் போட்டுடாதே” என்பது தந்தையின் நிலையான அறிவுரை. அவர் ஒரே துறையில் முப்பத்திரண்டு ஆண்டு இருந்து ஒரே ஒரு முறை பணிமாற்றத்துக்கு மனுக் கொடுத்தவராக இருப்பார். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கும் காலத்திலும், பெண் பார்த்து முடிவாகித் தாலி ஏறாத காலத்திலும் விலகல் செய்தி வெளிவராது. மாப்பிள்ளை கம்பெனி மாறுகிறார் என்பது பெண்வீட்டில், மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது என்றே காதில் விழும் ஆதலின், முகூர்த்தம் முடியும் வரை பழைய அடையாள அட்டையே கழுத்தில் இருக்கும்.

எஞ்சிய சடங்குகளைச் சுருங்கச் சொன்னால் போதும். ‘எக்ஸிட் இன்டர்வியூ’வில், மனம் திறந்து பேசலாம் என்று மனிதவளத் துறையினர் கூறுவர், திறந்தவர் விடுவிப்புச் சான்றுக்காகக் கூடுதலாக அலைந்த கதைகள் உண்டு. ‘நோ டியூஸ்’ படிவத்தில் நூலகம் உட்பட எல்லாத் துறையும் பாக்கி இல்லை என்று கையெழுத்திட வேண்டும்; அந்நிறுவனத்தில் நூலகம் ஒன்று இருந்ததை விலகுபவர் அன்றுதான் அறிகிறார். பணிக்கொடையில் மட்டும் நாள் கணக்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. பொதுவாக, ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு அது உரியது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே அவ்வாண்டு நிறைந்ததாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். கூட்டுத்தொகை 26,000 ரூபாய், ஐந்து ஆண்டு எனில் 75,000 ரூபாய். கோபத்தில் நான்கே கால் ஆண்டில் போடப்படும் பேப்பரின் விலை இதுவே என்று அறிக.

கடைசி நாளின் இலக்கியம் பிரிவுபசார மின்னஞ்சல். கனத்த இதயத்துடன் தொடங்கி, குடும்பம் போன்றது இந்நிறுவனம் என்று வளர்ந்து, தொடர்பில் இருப்போம் என்று முடியும் அம்மடல், ஐந்து மணிக்குக் கேக் வெட்டப்பட்டு, ஐந்தரைக்குப் படம் எடுக்கப்பட்டு, ஆறு மணிக்கு மடிக்கணினி ஒப்படைக்கப்படுமுன் நானூறு பேருக்குச் செல்கிறது. அவர்களுள் பாதிப்பேர் அவரை அன்றுதான் கேள்விப்படுகின்றனர். கேக் உண்டவர்களுள் சிலர் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்பதும் வழக்கமே.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கும்போது, குடியரசுத் தலைவருக்கு ஒரு வரி போதுமான இடத்தில், ஒரு கணக்கருக்கு நான்கு பத்தி தேவைப்படுவதற்கு நியாயம் எதுவும் தென்படவில்லை. செய்தி, நாள், நன்றி, கையொப்பம். இவற்றுக்கு மேல் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் பின்னொரு நாள் எழுதியவருக்கு எதிராகவே படிக்கப்படும் என்பது இவ்வாய்வின் துணிபு. எனவே வாசகர், சம்பளச் சீட்டுகளையும், முந்தைய ஆண்டுகளுக்குரிய வரிப்பிடித்தச் சான்றாகிய படிவம் 16ஐயும் நிறுவன விதி இடந்தரும் வகையில் முன்கூட்டியே பெற்று வைத்துக்கொள்ளுமாறும், வைப்புநிதிக் கணக்கில் விலகிய நாள் பதிவாகியிருக்கிறதா என்று பிறகு ஒருமுறை பார்க்குமாறும், எல்லாவற்றுக்கும் மேலாக, விலகல் கடிதத்தை அலுவலக அச்சுப்பொறியில் அச்சிடாதிருக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார். தாள் சிக்குவது அந்த ஒரு கடிதத்தில்தான். சிக்கியதை இழுத்தெடுக்க வருபவர் அட்மின் பிரிவு அண்ணன். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கூடியவர்.